பெண்கள் கலைக்குழுவின் முதல் கேலரி கண்காட்சி: சுவர் கையில் வந்த நாள் முதல் அதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை

கேலரியில் தேதி உறுதியானதும் குழுவுக்குள் பேச்சு நாலா பக்கமும் ஓடத் தொடங்கும். யார் எத்தனை படம் வைப்பது, அழைப்பிதழில் எந்தப் படம் வருவது, ஃபிரேம் யாரிடம் போடுவது, திறந்துவைக்க யாரை அழைப்பது. இவை எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. முதல் கூட்டத்தில் பேச வேண்டியது வேறு. பணம், வேலை, முடிவெடுக்கும் அதிகாரம் ஆகிய மூன்றையும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தோழிகளுக்குள் எதற்குக் கையெழுத்து என்று கூச்சமாக இருக்கும். தோழமை கண்காட்சிக்குப் பிறகும் நீடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

முதன்முறையாகச் சேர்ந்து காட்சி வைக்கும் குழுவுக்கு ஆறு மாத அவகாசம் நல்லது. நான்கு மாதத்துக்குக் குறைந்தால் படம் வரைகிற நேரத்தைத்தான் பறிகொடுக்க நேரிடும்.

முதலில் உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்

ஒரு பக்கம் போதும். ஒவ்வொருவரும் எவ்வளவு பணம் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள்? பொதுச் செலவு எது, சொந்தச் செலவு எது? அழைப்பிதழ், வண்டி, விளக்கு, திறப்பு விழா ஆகியவற்றைப் பொதுவிலும் ஃபிரேமை அவரவர் கணக்கிலும் வைப்பது வழக்கம். எல்லோராலும் ஒரே தொகை கொடுக்க முடியாத குழுவில், குறைவாகக் கொடுப்பவர் கூடுதல் வேலை செய்வது என்று ஏற்பாடு வேண்டாம். பணம் இல்லாதவரின் நேரம் மலிவு என்று ஆகிவிடும். விற்பனையில் ஒரு சிறு பங்கு பொது நிதிக்கு வரட்டும், அதிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் காட்சி தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒருவருடைய படம் மட்டும் நல்ல விலைக்குப் போன பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் கசப்பில்தான் முடியும்.

அடுத்தது வேலை. கேலரியுடன் கடிதப் போக்குவரத்து, வரவு செலவுக் கணக்கு, படங்களைப் புகைப்படம் எடுப்பது, லேபிள்கள், செய்தி அனுப்புவது, வண்டி ஏற்பாடு, மாட்டுவது, திறப்பு நாள், காட்சி நாட்களில் முறைவைத்து உட்கார்ந்திருப்பது, கடைசியில் இறக்குவது. இத்தனையும் வேலைதான். பெண்கள் குழுக்களில் இவை பெரும்பாலும் மறுக்கத் தெரியாத ஒருவர் அல்லது இருவர் தலையில் விழுகின்றன. அவர்களும் கலைஞர்கள்தான், அவர்களுக்கும் முடிக்க வேண்டிய படம் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தோராயமாக எழுதி, பெயர் போட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர், வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொள்பவர், இரவு வேலைக்குப் போகிறவர் யார் யார் என்று தெரிந்துகொண்டு கூட்டத்துக்கும் மாட்டும் வேலைக்கும் நேரம் குறியுங்கள். சாயங்காலக் கூட்டத்துக்கு ஒருவரால் வரவே முடியாது என்றால், அவரிடம் ஆர்வம் இல்லை என்று எண்ணுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

இந்தப் பின்னணி வேலைக்கும் கலைக்கும் நடுவில் கோடு போட நான் தயாராக இல்லை. 1972இல் நியூயார்க்கில் இருபது பெண் கலைஞர்கள் சேர்ந்து ஏ.ஐ.ஆர். கேலரியைத் தொடங்கியபோது, தங்கள் இடத்தைத் தாங்களே உடலுழைப்பால் சீரமைத்தார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி சிகாகோ, மிரியம் ஷபிரோ என்ற இரு கலைஞர்கள் தங்கள் மாணவிகளோடு, பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைச் செப்பனிட்டு ‘வுமன்ஹவுஸ்’ காட்சியை வைத்தார்கள். இந்தியக் கலைஞர் நளினி மலானி 1979இல் அந்த நியூயார்க் கேலரிக்குப் போய்வந்தார். பெண்கள் மட்டும் பங்கேற்கும் காட்சி ஒன்றை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே வலுப்பட்டது. அவரும் மாத்வி பாரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் ஆகியோரும் சேர்ந்து வைத்த நால்வர் காட்சி தொடங்கியது 1987இல். இடையில் எட்டு ஆண்டுகள். உங்கள் குழுவுக்குத் தேதி கிடைக்கத் தாமதமானால் அதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக முடிவெடுக்கும் அதிகாரம். எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வது கேட்க நன்றாக இருக்கும். அச்சகத்துக்கு மறுநாள் அனுப்ப வேண்டிய அழைப்பிதழுக்கு அது ஒத்துவராது. பெரிய முடிவுகளான படத்தேர்வு, தலைப்பு, பணம் ஆகியவை குழுவுக்கு. மற்றவற்றில் அந்தந்த வேலைக்குப் பொறுப்பானவர் சொல்வதே இறுதி.

கேலரியிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் எவ்வளவு அன்பாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். வாடகை உண்டா, விற்றால் கமிஷன் மட்டும்தானா, இரண்டுமா? விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? படத்துக்குச் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு? காப்பீடு சுவரில் இருக்கும்போது மட்டுமா, வழியில் வரும்போதும் போகும்போதுமா? மாட்டுவதற்கு எத்தனை நாள் தருவார்கள்? சுவரில் ஆணி அடிக்கலாமா, அல்லது மேலே கம்பி ஓடும் தொங்கு அமைப்பா? விளக்கை நகர்த்த முடியுமா, ஏணி இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர வழி உண்டா? காட்சி முடிந்தபின் சுவரைப் பூசி வெள்ளையடித்துத் தருவது யார் வேலை?

கேலரிகளின் கமிஷன் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். கலைஞர்களே நடத்தும் இடங்களில் குறைவாக இருக்கும். படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம், பதிப்புரிமை எழுதிக்கொடுத்தால் ஒழியப் பெரும்பாலான நாடுகளில் கலைஞரிடமே இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கேலரி தரும் படிவத்தில் இதற்கு மாறாக ஏதேனும் வரி இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள்.

பிறகு அளவுநாடாவோடு போய் ஒவ்வொரு சுவரையும் அளந்து வாருங்கள். நீளம், உயரம், கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பலகை, தீயணைப்புக் கருவி எல்லாமே அந்த வரைபடத்தில் வர வேண்டும். நுழைவாயிலின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளக்க மறக்காதீர்கள். பெரிய கான்வாஸ் உள்ளே போகுமா என்பது அங்கேதான் தெரியும்.

எந்தப் படம், எத்தனை படம்

ஆளுக்கு இத்தனை மீட்டர் சுவர் என்று பங்கு போட்டால் சண்டை வராது, காட்சியும் வராது. சுவர் முழுக்கத் துண்டுதுண்டாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு படைப்பு நிச்சயம் உண்டு என்று உறுதி கொடுத்துவிட்டு, அதற்கு மேல் எதை வைப்பது என்பதைச் சுவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. எல்லாப் படங்களையும் பத்தில் ஒரு பங்கு அளவில் அச்செடுத்து வெட்டுங்கள். 90 செ.மீ. அகலப் படம் 9 செ.மீ. ஆகும். கேலரிச் சுவர்களையும் அதே விகிதத்தில் நீண்ட தாளில் வரைந்து தரையில் விரியுங்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, துண்டுகளை நகர்த்திப் பாருங்கள். தனியாகப் பார்த்தபோது அடக்கமாகத் தோன்றிய ஒரு பென்சில் ஓவியம், பெரிய நீலக் கான்வாஸின் பக்கத்தில் வைத்ததும் சுவரையே இழுத்துப் பிடிப்பதைக் காண்பீர்கள். மிகவும் பிடித்த படம் எந்த இடத்திலும் உட்காராமல் அடம் பிடிக்கும். விட்டுக்கொடுப்பது இங்கே சுலபம். ‘உன் படம் வேண்டாம்’ என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்காது, தாளைப் பார்த்து அவரே எடுத்துவிடுவார்.

குழுவில் இல்லாத, கண் தேர்ந்த ஒருவரை இந்தக் கட்டத்தில் அழைத்துவருவது நல்லது. எது எங்கே என்பதில் அவர் சொல்லுக்கு எடை கொடுங்கள். யார் பங்கேற்கலாம் என்பது குழுவின் கையிலேயே இருக்கட்டும்.

இரண்டு விஷயங்களில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒன்று, துணிச்சித்திரம், பின்னல், மண்பாண்டம் செய்பவர்களின் படைப்புகளை ‘கைவினை’ என்று ஓர் ஓர மேசைக்கு அனுப்பக்கூடாது. கான்வாஸுக்கு உள்ள அதே சுவர், அதே வெளிச்சம், அதே அளவு லேபிள் அவற்றுக்கும் வேண்டும். இரண்டு, பெண்கள் செய்தவை என்பது மட்டுமே காட்சியின் கருப்பொருளாக இருக்கக்கூடாது. நீங்கள் ஏன் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதற்கு அது பதில். இந்தப் படங்கள் ஏன் ஒரே அறையில் இருக்கின்றன என்பதற்குப் பதிலை படங்களிடமிருந்தே எடுக்க வேண்டும். தலைப்பு அங்கிருந்து வரும்.

விலை

முதல் காட்சியில் விலை போடக் கை நடுங்கும். குறைத்துப் போடத் தோன்றும். பொருட்செலவு, உழைத்த நேரம், ஃபிரேம், கேலரிப் பங்கு ஆகிய நான்கையும் எழுதிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். கமிஷன் கணக்கில் புதியவர்கள் ஓர் இடத்தில் தவறுவதுண்டு. உங்கள் கைக்கு 60 வர வேண்டும், கமிஷன் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 60க்கு மேல் 40 சதவீதம் கூட்டி 84 என்று விலை வைத்தால் கேலரி பங்கு போக உங்களுக்கு மிஞ்சுவது 50.4 மட்டுமே. சரியான விலை 100. வேண்டிய தொகையை 0.6ஆல் வகுக்க வேண்டும்.

வீட்டில் வந்து வாங்குபவருக்கும் கேலரியில் வாங்குபவருக்கும் ஒரே விலை சொல்லுங்கள். அச்சுப் பிரதிகள் என்றால் மொத்தம் எத்தனை என்று முன்கூட்டி முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் 3/20 (இருபதில் மூன்றாவது) என்பதுபோல் பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு அந்த எண்ணிக்கையைக் கூட்டக்கூடாது. விற்க மனமில்லாத படத்துக்கு யாரும் வாங்க முடியாத விலை போடுவதைவிட ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதுவது நேர்மை.

ஃபிரேமுக்கு முன்னும் பின்னும்

கண்ணாடி போடும் முன்பே புகைப்படம் எடுத்துவிடுங்கள். படத்தின் இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், படத்தின் நடுவுக்கு நேராகக் கேமரா. விளக்கு இல்லாவிட்டால் மேகமூட்டமான பகலில் திறந்த வெளி போதும்.

தாளில் செய்த படைப்புக்கு, ஃபிரேமுக்குள் அதைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டை அமிலமற்றதாக இருப்பது அவசியம். மலிவான அட்டையின் அமிலம் சில ஆண்டுகளில் தாளின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். கண்ணாடி தாளை நேரடியாகத் தொடக்கூடாது, அட்டையின் தடிமன் நடுவில் இருக்க வேண்டும். எண்ணெய் ஓவியம் தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே காயப் பல மாதங்கள் ஆகும். தடித்த வண்ணப்பூச்சு என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வழக்கமான வார்னிஷ் பூசாமல் இருப்பது நல்லது. கடைசி வாரத்தில் எண்ணெய் வண்ணத்தில் புதிய படம் தொடங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கட்டும்போது முகப்பின் மேல் முதலில் கிளாசின் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்), நான்கு மூலைக்கும் அட்டை, அதற்கு மேல்தான் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி. அக்ரிலிக் வண்ணம் வெப்பத்தில் இளகும். குமிழ் உட்பக்கம் இருந்தால் வட்டம் வட்டமாகத் தடம் பதிந்துவிடும். வண்டியில் படங்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று அடுக்குங்கள். ஒவ்வொரு பொதியின் வெளியிலும் கலைஞர் பெயர், தலைப்பு, மேல்பக்கம் எது என்ற அம்புக்குறி. கேலரியில் ஒப்படைக்கும்போது ஏற்கெனவே உள்ள கீறல், மூலை உடைவு எல்லாவற்றையும் எழுதி, படமெடுத்து, இருதரப்பும் கையெழுத்திடுங்கள்.

மாட்டுவது

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்க முடியும்தான், ஆனால் நள்ளிரவில் எடுக்கும் முடிவுகள் மறுநாள் வெளிச்சத்தில் உறுத்தும். முதல் நாள் காலையில் ஆணியைக் கையில் எடுக்காமல் எல்லாப் படங்களையும் அவற்றின் இடத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து வையுங்கள். அடியில் நுரைத்துண்டு அல்லது மடித்த துணி இருக்கட்டும். அறையின் நடுவில் நின்று பாருங்கள், வாசலிலிருந்து நடந்து வந்து பாருங்கள். தாளில் சரியாக இருந்த ஒன்றிரண்டு இங்கே மாறும். மாறட்டும்.

உயரம் பற்றிப் பொதுவான நடைமுறை இது: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு அறை முழுக்க அதையே பின்பற்றுங்கள். 150 என்று வைத்துக்கொள்வோம். படத்தின் உயரம் 80 செ.மீ. அதில் பாதி 40. பின்னால் உள்ள கம்பியை நடுவில் விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அங்கிருந்து ஃபிரேமின் மேல்விளிம்பு வரை அளந்தால் 7 செ.மீ. என்று வருகிறது. 150ஐயும் 40ஐயும் கூட்டி 7ஐக் கழித்தால் 183. கொக்கி படத்தைத் தாங்கும் இடம் தரையிலிருந்து 183 செ.மீ. ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் கணக்கிட்டு எழுத, மூன்றாமவர் சுவரில் பென்சில் குறி வைத்தால் வேலை தடங்கலின்றி ஓடும். கணக்கை ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் போடுங்கள், கம்பியின் தளர்வு எந்த இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்காது.

இடைவெளிக்கும் கணக்கு உண்டு. 6 மீட்டர் சுவரில் 60, 90, 45, 90, 60 செ.மீ. அகலத்தில் ஐந்து படங்கள் என்றால் மொத்தம் 345. மீதி 255 செ.மீ.யை ஆறு இடைவெளிகளுக்குப் பிரித்தால் தலா 42.5. இது தொடக்கம்தான். பிறகு கண் சொல்வதைக் கேளுங்கள். ஒரே தொடரைச் சேர்ந்தவற்றை நெருக்கமாக்கி, சத்தமான படத்துக்கு இரு புறமும் கூடுதல் வெற்றிடம் விட வேண்டியிருக்கும். வெற்றிடத்தை வீணான சுவர் என்று எண்ணி நிரப்பிவிடாதீர்கள்.

அகலமான படங்களுக்கு இரண்டு கொக்கிகள் போட்டால் சாயாது. ஒவ்வொரு படத்தின் எடையையும் முன்பே பார்த்து, அதைத் தாராளமாகத் தாங்கும் கொக்கியை வாங்குங்கள். செங்கல் சுவருக்கும் ஜிப்சம் பலகைத் தடுப்புக்கும் வேறு வேறு வகை பிளக் வேண்டும். எல்லாம் மாட்டிய பின் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

வெளிச்சம் கடைசியில். விளக்கின் ஒளி செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பளிச்சிடுவதும் ஃபிரேமின் நிழல் நீள்வதும் குறையும். நீர்வண்ணம், துணி, புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்களின் அளவுகோல், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ். அச்சுப்பொறி மைகளும் துணிச் சாயங்களும் நேர் வெயிலில் வெளிறும். அவற்றை ஜன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள்.

லேபிளில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம் முதலிலும் அகலம் பிறகுமாக அளவு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், குனிந்து படிக்க வைக்காதீர்கள். வாசலில் ஒட்டும் அறிமுகக் குறிப்பு 150 சொல்லுக்குள் முடிந்தால் பலர் முழுதாகப் படிப்பார்கள். அதை எழுதியவர், படம் மாட்டியவர், புகைப்படம் எடுத்தவர் எல்லோர் பெயரும் சுவரில் ஓரிடத்தில் வர வேண்டும்.

ஊருக்குச் சொல்வது

மாத இதழ்களுக்கு மூன்று மாதம் முன்பும் நாளிதழ்களுக்கு மூன்று வாரம் முன்பும் செய்தி போகட்டும். ஒரு பக்கம், இரண்டு நல்ல படங்கள், ஒரு தொலைபேசி எண். ‘பெண்களின் உணர்வுகளைப் பிரதிபலிக்கும் காட்சி’ என்று எழுதினால் எந்தக் காட்சிக்கும் அது பொருந்தும். என்ன பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். 1989இல் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு நியூயார்க்கில் வெளியிட்ட சுவரொட்டி, மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணச் சித்திரங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று இரண்டே எண்களைச் சொன்னது. இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. திட்டவட்டமான ஒரு விவரத்துக்கு அவ்வளவு வலு.

திறப்பு நாள்

இந்த ஒரு நாளுக்கு ஒரு விதி: குழுவின் கலைஞர் எவரும் தட்டு ஏந்தக்கூடாது. விருந்தினரை உட்கார வைப்பது, பானம் ஊற்றுவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, நாற்காலி நகர்த்துவது எல்லாவற்றுக்கும் வேறு ஆட்களை முன்பே பிடித்துவையுங்கள். குடும்பத்தார், நண்பர்கள், முடிந்தால் கூலிக்கு ஒருவர். பல ஆண்டுகள் வரைந்து சேர்த்த படங்கள் முதன்முறையாக அந்நியர் கண்ணுக்கு வரும்போது, வரைந்தவர் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் உங்கள் படத்தின் பக்கத்தில் நில்லுங்கள்.

நின்று என்ன பேசுவது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மூன்று வாக்கியம் தயாராக இருந்தால் போதும். எதில் செய்தீர்கள், எங்கிருந்து தொடங்கியது, எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு எப்படி வெளியே வந்தீர்கள். முந்தைய நாள் காலி கேலரியில் ஒருவர் பார்வையாளராகவும் ஒருவர் கலைஞராகவும் மாறி மாறிப் பேசிப் பாருங்கள். ‘சும்மா பொழுதுபோக்காகச் செய்தது’ என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வரும், அதை மட்டும் விட்டுவிடுங்கள். ‘இது என்ன விலை’ என்று கேட்டால் தயங்காமல் எண்ணைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள்.

உரைகள் மொத்தம் பதினைந்து நிமிடம். சிறப்பு விருந்தினரைவிடக் கலைஞர்கள் அதிகம் பேச வேண்டும், குறைந்தபட்சம் ஒவ்வொருவர் பெயரும் உரக்கச் சொல்லப்பட்டு அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். கூட்டம் கூடுவதற்கு அரை மணி முன்னதாகக் குழு மட்டும் உள்ளே போய்ச் சேர்ந்து ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொருவரும் இன்னொருவருடைய படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லுங்கள். அன்று இரவு ஆயிரம் பாராட்டு வரும், ஆனால் கூடவே வேலை செய்தவர்களின் சொல்லுக்கு உள்ள கனம் வேறு.

விற்பனைப் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். விலைப்பட்டியல், ரசீதுப் புத்தகம், விற்ற படத்தின் லேபிளில் ஒட்டும் சிவப்புப் பொட்டு மூன்றும் அவரிடமே இருக்கட்டும். முன்பணம் வந்த பிறகே பொட்டு ஒட்டுங்கள்.

அதன் பிறகு

திறப்பு நாள் முடிந்ததும் குழு தளர்ந்துவிடும், காட்சி நாட்களில் கேலரி வெறிச்சோடிக் கிடக்கும். முறைவைத்து உட்காருபவர் குறிப்பேட்டில் வந்தவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நின்றார்கள் என்பதையும் எழுதட்டும். வார நடுவில் ஒரு மாலை, கலைஞரோடு காட்சியைச் சுற்றிவரும் நடை ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். திறப்பு நாள் கூட்டத்தில் பேச முடியாதவர்கள் அன்றுதான் வாய் திறப்பார்கள்.

இறக்கும் நாளில் ஒப்படைப்புத் தாளை எடுத்து ஒவ்வொரு படத்தையும் மறுபடி சரிபாருங்கள். ஆணித்துளைகளில் பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து, வண்ணம் அடித்துச் சுவரைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு கூட்டம் கூட்டி, கணக்கை ரசீதுகளோடு எல்லோர் முன்னும் வைத்து, கேலரியிடமிருந்து வர வேண்டிய பணத்துக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பெட்டி. அழைப்பிதழ், விலைப்பட்டியல், லேபிள்கள், ஒவ்வொரு சுவரையும் முழுதாகக் காட்டும் புகைப்படங்கள், செய்தி நறுக்குகள், குறிப்பேடு, முதல் நாள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எல்லாம் அதற்குள். புகைப்படங்களின் பின்னால் தேதியும், நிற்பவர்களின் முழுப்பெயரும் இடமிருந்து வலமாக எழுதுங்கள். பெண்கள் நடத்திய எத்தனையோ காட்சிகள் அழைப்பிதழ் ஒன்றுகூட மிஞ்சாமல் மறைந்திருக்கின்றன. பெட்டி ஒருவர் வீட்டில், அதன் மின்படி வேறு இருவரிடம், முடிந்தால் ஒரு பிரதி பொது நூலகத்தில். யாரிடம் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.